உறுமலை அடக்காதீர்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. கருந்தேவகத்தி என்ற வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய்க்குப் பெயரும் உண்டு: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்வெட்டு அதைப் புகழ்கிறது. அரசர்கள் பெயரே அழிந்துபோன நாட்டில், கடித்ததற்காக ஒரு நாயின் பெயர் கல்லில் நின்றிருக்கிறது.

அதே கடியை ஒரு நாய் இன்று குறிஞ்சிப்பாடியில் கடித்தால் என்ன ஆகும்? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரின் கெண்டைக்காலிலோ, விருந்துக்கு வந்த அத்தையின் கையிலோ பல் பட்டுவிட்டால், அன்று சாயங்காலமே அந்த நாயை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். கோவிவனுக்கும் இந்த நாய்க்கும் பல்லில் வித்தியாசம் இல்லை, மூளையிலும் பெரிதாக இல்லை. கள்வன் யார், சிலிண்டர்காரர் யார் என்று பிரிக்கும் கணக்கு நம்முடையது. நாயிடம் இருப்பது வேறு கணக்கு. அது தெரியாமல் வீட்டு நாயின் ஆக்ரோஷத்தைத் திருத்த முடியாது. அடித்துத் திருத்தப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்பதற்கு அறிவியலில் நல்ல பதில் இருக்கிறது.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் நடந்து போகிற எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி ஒன்று. வீட்டைச் சுற்றி மாமரமும் பலாமரமும். முன்னால் இரும்புக் கதவு, அதன் கம்பிகளுக்கு நடுவே ஒரு மூக்கு. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை ஷிப்ட் கணக்கில் நடப்பதால் தெருவில் எந்நேரமும் யாராவது போய்வந்துகொண்டே இருப்பார்கள். இந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடியின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. நாய் வாசல் தூணில் கட்டியிருக்கும்.

கதவுக்குப் பின்னால் நிற்கும் நாயின் பக்கத்திலிருந்து பார்ப்போம். தபால்காரர் வருகிறார். யாரென்று தெரியாத ஆள், கையில் ஏதோ இருக்கிறது, நேராக வாசலை நோக்கி வருகிறார். நாய்க்கு உள்ளே பதற்றம். குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் போனது அவருடைய வேலை முடிந்ததால். நாய்க்கு அது தெரியாது. ‘குரைத்தேன், போய்விட்டான்’ என்பதுதான் அது கண்ட உண்மை. மறுநாள் பால்காரர், அப்புறம் பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் ஷிப்ட் முடிந்து வரும் பக்கத்து வீட்டுக்காரர். குரைத்தால் எல்லோரும் போய்விடுகிறார்கள். ஒருநாள்கூடத் தோற்காத உத்தி. பலன் தருகிற செயல் வலுப்படும் என்பது கற்றல் உளவியலின் அடிப்படை விதி. ஒரே வருடத்தில் அந்த நாய் ஆயிரம் தடவை பயிற்சி பெற்றுவிடுகிறது, யாரும் பயிற்சி தராமலே. பிறகு ஒருநாள் சிலிண்டர்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். குரைத்தும் போகவில்லை. அடுத்த படி என்ன என்று நாய்க்குத் தெரியும்.

‘குரைத்துத் தீர்த்துக்கொள்ளட்டும், அப்புறம் அடங்கிவிடும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. விலங்கு நடத்தையியலின் முன்னோடிகளில் ஒருவரான கொன்ராட் லோரன்சே அப்படித்தான் நினைத்தார். ஆக்ரோஷம் உடம்புக்குள் தானாகவே சுரந்து சேரும், அவ்வப்போது வடிய வழி வேண்டும் என்பது 1963இல் வந்த அவருடைய நூலின் வாதம். 1973இல் நோபல் பரிசு பெற்ற மேதைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பின்னால் வந்த ஆய்வுகள் அவரை ஏற்கவில்லை. குரைத்துக் குரைத்து நாய் காலியாவதில்லை, குரைப்பதில் தேர்ச்சி பெறுகிறது.

உள்ளே சேர்வது ஆக்ரோஷம் இல்லை, அழுத்தம். இதை விளக்க நெய்வேலியைவிட நல்ல ஊர் கிடையாது. இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில், பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தளத்தையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் இராப்பகலாகப் பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே சுரங்கம் நடக்கிறது. தளத்துக்கு மேலே சிமெண்டு பூசி யாரும் அதைத் தடுக்கப் பார்க்கவில்லை. அந்த நீர் சுரங்கத்தில் ஊறியதும் அல்ல, வேறெங்கோ பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி வந்து சேர்ந்தது. நாயின் கடியும் அப்படித்தான். கடித்த இடத்தில் அதன் காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

தீபாவளி அன்று நடப்பதைப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து வெடிச்சத்தம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். நமக்குக் கேட்காத தொலைவிலிருந்து வருவதும் அதற்குக் கேட்கும். மதியம் வீடு நிறைய உறவினர்கள். வழக்கமான நேரத்துக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் அட்ரினலினும் கார்டிசோலும் ஏறுகின்றன. அட்ரினலின் சீக்கிரம் இறங்கிவிடும். கார்டிசோல் இறங்க நேரம் பிடிக்கும், அதற்குள் அடுத்த வெடி. இரவு எட்டு மணிக்கு ஒரு குழந்தை தெரியாமல் வாலை மிதிக்கிறது. நாய் கடித்துவிடுகிறது. ‘எத்தனையோ தடவை மிதித்திருக்கிறான், ஒன்றும் செய்யாத நாய்’ என்று வீட்டார் திகைக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். வால் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

சங்கிலியும் இதில்தான் வந்து சேருகிறது. பகலெல்லாம் கட்டிப்போட்டால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்பது நம்மூரில் பலர் சொல்வது. அது பலிக்கத்தான் செய்கிறது, ஆனால் வருவது ரோஷம் இல்லை. பயந்த விலங்குக்கு இரண்டு வழி உண்டு: ஓடுவது, எதிர்ப்பது. நாயைப் பொறுத்தவரை முதல் தேர்வு விலகிப் போவது. சங்கிலி அந்த வழியை மூடிவிடுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வெளியானது. கடித்த நாய்களில் ஆண் நாய்களும், கருத்தடை செய்யாதவையும், சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்டவையும் அதிகமாக இருந்தன. கட்டியதால் கடித்ததா, கடிக்கிற நாய் என்பதால் கட்டினார்களா என்று கேட்கலாம். இரண்டும் இருக்கும். ஆனால் ஓட வழியில்லாத விலங்கு எதிர்க்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இனி உறுமலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

கடி ஒருநாளும் முதல் சொல் அல்ல. கென்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் நாயின் எச்சரிக்கைகளை ஓர் ஏணியாக அடுக்கிக் காட்டினார். அந்த ஏணியின் படிகளை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். நான்கு வயதுப் பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா கைபேசியில் படம் எடுக்கிறார். நாய் கொட்டாவி விடுகிறது. தூக்கம் வந்து அல்ல. நாக்கால் தன் மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்கிறது. எதிரில் தின்ன ஒன்றும் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது, ஆனால் கண்மணி மட்டும் குழந்தையின் பக்கமே இருப்பதால் வெள்ளை விழி பிறைபோலத் தெரிகிறது. காது பின்னால் படிகிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்குகிறது. எழுந்து போகப் பார்க்கிறது. பிள்ளை விடவில்லை, அப்பா சிரித்துக்கொண்டே ‘இன்னொரு படம்’ என்கிறார். இப்போது நாயின் உடம்பு விறைக்கிறது. மூச்சுகூட நின்றதுபோல ஒரு கணம். பிறகு தொண்டைக்குள் மெல்லிய உறுமல்.

இது வரைக்கும் நாய் ஆறேழு முறை ‘போதும்’ என்று சொல்லிவிட்டது. அத்தனையும் நம் கண்ணில் படவில்லை. காதில் விழுந்த முதல் சேதி உறுமல்தான். அதற்கு நாம் என்ன செய்கிறோம்? ‘குழந்தையிடமா உறுமுகிறாய்?’ என்று முதுகில் ஒரு அடி வைக்கிறோம்.

அடி வாங்கிய நாய் என்ன கற்றுக்கொள்ளும்? குழந்தை கட்டிப்பிடிப்பது அதற்குப் பிடித்துப்போகாது. குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அடியும் விழும் என்பதால் குழந்தை இன்னும் ஆபத்தான உயிராகிவிடுகிறது. கூடவே, உறுமினால் வலிக்கும் என்றும் தெரிந்துகொள்கிறது. ஆகவே உறுமுவதை நிறுத்திவிடுகிறது. வீட்டார் ‘திருந்திவிட்டது’ என்கிறார்கள். உண்மையில் ஏணியின் நடுப்படிகளை நாமே பிடுங்கி எறிந்திருக்கிறோம். அடுத்த தடவை நாய் அமைதியிலிருந்து நேராகக் கடிக்குப் போகும். ‘எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு இதுதான் கதை.

நாயின் உடல்மொழியை முதன்முதலில் கூர்ந்து எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1872இல் வெளிவந்த அவருடைய ‘மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகளின் வெளிப்பாடு’ என்ற நூலில் இரண்டு நிலைகளில் நிற்கும் நாய்களின் படங்கள் உண்டு. பகையோடு நெருங்கும் நாய் நிமிர்ந்து விறைத்திருக்கும். வால் மேலே நிற்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், பார்வை குத்திட்டு நிற்கும். அன்போடு வரும் நாய் இதற்கு ஒவ்வொரு அங்கத்திலும் நேரெதிர்: உடம்பு தாழ்ந்து வளையும், வால் இறங்கி ஆடும், காது பின்னால் தாழும். எதிரான உணர்ச்சிக்கு எதிரான உடல்நிலை என்று டார்வின் இதை ஒரு விதியாகவே எழுதினார். அந்த ஆண்டு தைப்பூசத்தன்றுதான் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்தார். எல்லா உயிரும் தம்முயிர் போல என்று வாழ்ந்தவர் இங்கே; உயிர்களின் உணர்ச்சிகள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று காட்டியவர் அங்கே. ஒரே ஆண்டில் இது நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

டார்வின் காணாத ஒன்றை இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2007இல் 30 நாய்களைப் பெட்டிக்குள் வைத்து, எதிரே யார் வந்தால் வால் எப்படி ஆடுகிறது என்று படமெடுத்தார்கள். தன் எஜமானரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கமாகச் சாய்ந்து ஆடியது. முன்பின் அறியாத, மிடுக்கான ஒரு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. நெருங்கத் தூண்டும் உணர்ச்சிகளை மூளையின் இடப்பாதியும், விலகத் தூண்டும் உணர்ச்சிகளை வலப்பாதியும் கையாள்வதாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு பாதியும் உடம்பின் மறுபக்கத்தை இயக்குவதால் வால் இப்படிச் சாய்கிறது. அதே குழு 2013இல் இன்னொன்றைக் காட்டியது. இடப்பக்கம் சாயும் வாலைப் பார்க்கும் மற்ற நாய்களின் இதயத் துடிப்பு ஏறுகிறது. நமக்குத் தெரியாத அந்தச் சாய்வை அவை படிக்கின்றன. வால் ஆடினாலே நட்பு என்று கையை நீட்டுகிறவர்கள் கடிபடுவது இதனால்தான். அழகுக்காக வாலை ஒட்ட நறுக்குகிறவர்கள், அந்த நாய் பேசும் வாக்கியத்தில் பாதியை அழிக்கிறார்கள்.

அடித்து அடக்கும் பழக்கத்துக்கு அறிவியல் பெயரால் ஒரு சாக்கும் கிடைத்தது. ‘நாய் என்பது ஓநாய், ஓநாய்க் கூட்டத்துக்கு ஆல்பா என்று ஒரு தலைவன் உண்டு, வீட்டில் நீங்கள் ஆல்பாவாக இருக்க வேண்டும், நாயைக் கீழே தள்ளி மல்லாத்திப் பிடித்து அடக்குங்கள்’ என்று இன்றும் சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். இதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வு. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை அவர் கவனித்தார். அவை இடைவிடாமல் சண்டையிட்டுத் தலைமைக்கு மோதின. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகாலங்கள் இருந்து பார்த்தார். அங்கே ஆல்பா என்று யாரும் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள். ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அடைத்து வைத்த அந்நிய ஓநாய்களின் சண்டையை இயல்பென்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெக் 1999இல் இதை எழுதியதோடு நிற்கவில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல் அது நின்றது. அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

அடக்குமுறை என்ன பலன் தருகிறது என்பதற்குக் கணக்கும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நடத்தைச் சிக்கலுக்காக நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம் வீட்டில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டது. அடித்த அல்லது உதைத்த வீடுகளில் 43 சதவீத நாய்கள் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டின. மல்லாத்தி அழுத்தியபோது 31 சதவீதம். கண்ணோடு கண் முறைத்துப் பார்த்ததற்கே 30 சதவீதம். பயந்த நாயை மேலும் பயமுறுத்தினால் அது தன்னைக் காத்துக்கொள்ளும்.

வலி என்ற இன்னொரு காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஏழெட்டு வருடம் யாரையும் சீண்டாத நாய் திடீரென்று ஒருநாள், தூக்கப்போன பாட்டியின் கையைக் கவ்வுகிறது என்று வைத்துக்கொள்வோம். குணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு மூட்டையும் காதையும் பல்லையும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் உண்ணியால் பரவும் எர்லிச்சியா காய்ச்சல் மூட்டுவலியையும் கொண்டுவரும். டேனியல் மில்ஸ் தலைமையில் 2020இல் வெளியான ஒரு கட்டுரை, நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் வரும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோவொரு வலி இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த நாய்க்குப் பயிற்சி தேவையில்லை, மருந்துதான் தேவை. ஆகவே கால்நடை மருத்துவரிடம் போவதுதான் முதல் வேலை. கருத்தடை செய்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஆண் நாய் ஊர் சுற்றுவதும் பிற ஆண் நாய்களோடு மோதுவதும் குறையலாம். பயத்தில் கடிக்கும் நாய்க்கு அது மருந்தல்ல.

இனம்தான் எல்லாம் என்பது பரவலான நம்பிக்கை. 2024 மார்ச்சில் மத்தியக் கால்நடைத் துறை 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதத்திலேயே சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. விவாதம் மறுபடி பற்றிக்கொண்டது. அறிவியல் என்ன சொல்கிறது? 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய கேள்வித்தாள்களையும் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டது. ஒரு தனி நாயின் குணத்தில் இனத்தால் விளக்க முடிவது ஏறத்தாழ 9 சதவீதம்தான். எவ்வளவு எளிதில் கோபம் மூட்டலாம் என்பதில் இனம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. மரபு பொருட்டில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ரஷ்யாவில் டிமித்ரி பெலியாயெவ் 1959இல் தொடங்கிய நரி ஆய்வு, சாதுவானவற்றை மட்டும் தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகளை உண்டாக்கியது. பின்னாளில் அங்கேயே மூர்க்கமானவற்றைத் தேர்ந்து சீறும் நரிகளையும் உண்டாக்கினார்கள். மரபு ஓடுவது குடும்ப வழியில். இனப்பெயரைவிட, குட்டியின் தாய் எப்படிப்பட்டது என்று விசாரிப்பது பயன் தரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கோபம் ஒன்றாக இருந்தாலும் கடி ஒன்றல்ல. ஐந்து கிலோ பொமரேனியன் கீறும். ஐம்பது கிலோ ராட்வைலர் உயிரை எடுக்கும். பெரிய நாய் வளர்ப்பவரின் பொறுப்பும் அதற்கேற்பப் பெரியது.

குட்டியாக இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடத்தி 1965இல் நூலாக்கிய ஆய்விலிருந்து இது உறுதிப்பட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை குட்டியின் மூளை ‘இது உலகத்தில் இயல்பானது’ என்ற பட்டியலை எழுதிக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதது பிற்பாடு பயமாகிவிடும். நாமோ தடுப்பூசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சேலை கட்டியவர், குச்சி ஊன்றிய தாத்தா, ஓடும் பிள்ளைகள், தறிச்சத்தம், பேருந்து ஹாரன். ஒவ்வொன்றையும் அது பயப்படாத தொலைவிலிருந்து காட்டி, வாயில் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள்.

வளர்ந்த நாய்க்கும் வழி இதேதான், கூடுதல் பொறுமையோடு. முதலில் பம்பை ஓட்டுங்கள், அதாவது அழுத்தத்தைக் குறையுங்கள். கதவுக் கம்பிகளில் உள்பக்கம் தகரமோ படுதாவோ கட்டி, நாள் முழுக்கத் தெருவைப் பார்க்கும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுங்கள். யாரும் வந்து தொடாத ஒரு மூலை அதற்கென்று இருக்கட்டும். தின்னும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. சோற்றுத் தட்டை எடுத்துப் பார்த்துச் சோதிப்பதை விடுங்கள். தட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு கறித்துண்டை அதில் போட்டுவிட்டுப் போங்கள். வருகிற கை எடுக்கும் கை அல்ல, கொடுக்கும் கை என்று நாய் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு பயிற்சி. தெருவில் ஆள் போகிறார். நாய் அவரைப் பார்க்கிறது, ஆனால் இன்னும் விறைக்கவில்லை. முப்பது அடியோ அறுபது அடியோ, அந்தத் தொலைவைக் கண்டுபிடிப்பதுதான் மொத்தக் கலையும். ஆள் கண்ணில் பட்ட உடனே சின்னச் சின்னக் கோழித்துண்டுகளாக வாயில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் மறைந்ததும் கோழியும் நிற்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ஆள், பிறகு கோழி. ‘உறுமுகிற நாய்க்குக் கோழியா, இன்னும் உறுமத்தானே செய்யும்’ என்று தோன்றும். பயம் ஒரு முடிவு அல்ல, உணர்ச்சி. தின்பண்டம் கொடுத்துப் பயத்தை வளர்க்க முடியாது. மணி ஒலித்தால் சோறு வரும் என்று பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியதே, அதே வழியாகத்தான் அந்நியரைக் கண்டதும் கோழி நினைவு வரத் தொடங்கும். சில வாரங்களில் ஆளைப் பார்த்துவிட்டு நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல்தான் வெற்றி. அதற்குப் பிறகு இரண்டடி கிட்டே போகலாம். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கிட்டே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கடித்த வரலாறு உள்ள நாய்க்கு வாய்மூடி பழக்குவதில் வெட்கமோ பாவமோ இல்லை. கூடைபோன்ற வாய்மூடியாக வாங்குங்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் தயிரைத் தடவி, நாயே மூக்கை நுழைக்கும் வரை பல நாள் பழக்கி, அப்புறம்தான் வாரைப் பூட்ட வேண்டும். இவ்வளவுக்கும் அடங்காத நாய்க்கு மூளையின் செரோடோனினைச் சீராக்கும் மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். உள்ளூர் கால்நடை மருந்தகத்துக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது.

சில நாய்கள் இத்தனைக்கும் பிறகு ஆபத்தானவையாகவே இருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த உண்மையை மருத்துவரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். எதுவானாலும் இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முந்திரித் தோப்பில் இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். திக்குத் தெரியாமல், பசியும் பயமுமாக அலையும் அந்த நாய் அடுத்த ஊரில் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். விலங்கைக் கவனக்குறைவாக வைத்து மனித உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

பல் பட்டுவிட்டால் ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் காயத்தில் படக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோயின் வைரஸைக் காயத்திலேயே பெருமளவு குறைப்பது இந்தக் கழுவல்தான். கழுவியதும் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஆழமான காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவார்கள். நம் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே இந்த நோய்க்காகத்தான். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. அறிகுறிக்கு முன்னால் முறையாகப் போட்டுக்கொண்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். நாய்க்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்றாலும் அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள்.